பதினொரு மாத வீட்டுக்குச் சாமான் சேர்ப்பது எப்படி?

அத்தியாயம் 4

வேலை மாறுதல், ஒரு வருடப் பயிற்சி, பிள்ளையின் நுழைவுத்தேர்வுப் படிப்பு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் சில மாதம் தங்க வேண்டிய நிலை என்று ஏதோ ஒரு காரணத்தால் சென்னைக்கு வந்து குறுகிய காலம் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால்தான் ஊரெங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தையும் முன்பணத்தையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். சாவி கைக்கு வந்துவிட்டது. இனி அந்த வெறும் வீட்டை, கையிருப்பைக் கரைக்காமல், மனிதர் வாழும் வீடாக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. சிலர் முதல் சனி ஞாயிறிலேயே கடைக்குப் போய், சீர்வரிசை வாங்குவதுபோலக் கட்டில், சோபா, டைனிங் டேபிள் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். பதினோராவது மாதம் அவற்றைப் பாதி விலைக்குக்கூடத் தள்ள முடிவதில்லை. வேறு சிலர் ‘கொஞ்ச நாள்தானே’ என்று எதையும் வாங்காமல், பெட்டிகளைப் பிரிக்காமல், தரையில் படுத்து முதுகுவலியோடு ஒரு வருடத்தைக் கழிக்கிறார்கள். முதலாமவர்களுக்குப் பணம் போகிறது, இரண்டாமவர்களுக்கு உடம்பு போகிறது. இரண்டையும் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு.

மாதக் கணக்கு

குறுகிய கால வீட்டுக்கு எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

வாங்கும் விலையோடு வண்டிக்கூலியைக் கூட்டுங்கள். காலி செய்யும்போது என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிட்டு அதைக் கழியுங்கள். மீதியைத் தங்கப்போகும் மாதங்களால் வகுங்கள். வருவதுதான் அந்தப் பொருளின் மாதச் செலவு.

ஓர் உதாரணம் பார்ப்போம். மரத்தூள் பலகையில் செய்த புதுக் கட்டில் ஒன்று 9,000 ரூபாய், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பதினொரு மாதம் கழித்து 1,500 ரூபாய்க்குப் போகிறது என்றால் மாதச் செலவு ஏறக்குறைய 680 ரூபாய். பழைய இரும்புக் கட்டில் 3,500 ரூபாய், வண்டிக்கூலி 500 ரூபாய். அது 2,500 ரூபாய்க்குத் திரும்ப விலைபோகும் என்றால் மாதம் 136 ரூபாய்தான். அதே கட்டிலை மாதம் 500 ரூபாய் வாடகைக்கு எடுத்தால் நடுவில் வந்து நிற்கும். விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று விளங்கும். இரும்பு, கெட்டி மரம், எவர்சில்வர், பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை விலை இறங்கி முடிந்த பொருள்கள். அவற்றைப் பழையதாக வாங்கினால் விற்கும்போது பெரிய நஷ்டம் வராது. மரத்தூள் பலகைச் சாமான், சோபா, மெத்தை ஆகியவை வீட்டுக்கு வந்த அன்றே பெரும்பகுதி விலையை இழந்துவிடும். மரத்தூள் பலகைக்கு இன்னொரு குறையும் உண்டு. தண்ணீர் பட்டால் உப்பும், ஒருமுறை கழற்றிப் பூட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

சாமான் பட்டியல் எழுதும் முன் அளவு டேப்போடு வெறும் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள்.

முதலில், உரிமையாளர் விட்டுவைத்தவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன், டியூப்லைட், கீசர், அலமாரிக் கதவுகள், ஜன்னல் கம்பி ஆகியவை வீட்டுக்கு வீடு மாறும். ‘செமி ஃபர்னிஷ்டு’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. சிலருக்கு அது இரண்டு ஃபேன், சிலருக்கு அது மாடுலர் கிச்சன். என்னென்ன இருக்கின்றன என்பதை ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியலாக இணைத்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

அடுத்து, வாசல் கதவு, படுக்கையறைக் கதவு, மாடிப்படியின் திருப்பம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். பீரோவும் இரட்டைக் கட்டிலும் கடையில் அழகாகத்தான் நிற்கும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டால் இறக்குகூலி இரட்டிப்பாகும். ஓர் ஆள் படுக்கும் மெத்தை பொதுவாக 6 அடிக்கு 3 அடி. இருவர் படுக்கும் மெத்தை 6¼ அடிக்கு 5 அடி. அந்த அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தால், கட்டில் போட்டபின் பீரோக் கதவு திறக்குமா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிளக் பாயின்ட்கள். சாதாரணச் சிறிய பாயின்ட் 6 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் 230 வோல்ட் கணக்கில் அது ஏறக்குறைய 1,380 வாட். கீசர் பொதுவாக 2,000 வாட்டுக்குக் குறையாது, ஆகவே அதற்கு 16 ஆம்பியர் பெரிய பாயின்ட் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தாலும் அப்படித்தான். சமையலறையில் சிறிய பாயின்ட் மட்டும் இருந்தால் 1,200 வாட் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரையோ இண்டக்‌ஷனையோ மாட்டவே கூடாது. அதில் மிச்சமாகும் பணம் உயிருக்கு ஈடாகாது.

நான்காவது, மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரித்தால் உண்மை வரும். வரக்கூடிய இடம் என்றால் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான் சரி. மெத்தையையும் துணியையும் பரணில் ஏற்ற முடிகிறதா என்று பார்த்துவையுங்கள்.

முதல் வாரத்துக்கு இவை போதும்

பால் காய்ச்சிய அன்றைக்கே வீடு நிரம்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. முதல் வாரத்தை ஓட்ட இவ்வளவு போதும்:

• பாய், தலையணை, போர்வை
• ஒரு அடுப்பு, மூன்று நான்கு பாத்திரம், தட்டு, டம்ளர்
• 20 லிட்டர் தண்ணீர் கேன், அதற்கு ஒரு கைப்பம்பு
• இரண்டு பக்கெட், ஒரு மக், துடைப்பம், மாப்பு, குப்பைக்கூடை
• துணி காயப்போடக் கொடிக்கயிறு, கிளிப்
• பல்பு, பூட்டு, டார்ச்

இந்த வாரத்தில் வீட்டில் எங்கே உட்கார்கிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள், வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று கவனியுங்கள். எந்த இல்லாமை உங்களை ஒவ்வொரு நாளும் இடைஞ்சல்படுத்துகிறதோ அதை முதலில் வாங்குங்கள். ஒரு வாரம் நினைவுக்கே வராத பொருள் பதினொரு மாதமும் தேவைப்படாது. டைனிங் டேபிள் பல வீடுகளில் அப்படித்தான் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

தூக்கத்துக்குச் செலவு செய்யுங்கள்

உடம்போடு ஒட்டியிருக்கும் பொருள்களில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவற்றில் முதலாவது மெத்தை. பழைய மெத்தையை, அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி அதன் தையல் மடிப்பில் ஒளிந்துதான் வீடு மாறுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் பூச்சி மருந்து அடிக்கும் செலவு புது மெத்தை விலையைத் தொடும். பழைய குஷன் சோபாவுக்கும் இதே எச்சரிக்கை.

குறைந்த விலையில் நல்ல படுக்கைக்கு இலவம்பஞ்சு மெத்தை இன்றும் சிறந்த வழி. மெத்தைக் கடையில் பஞ்சைக் கிலோக் கணக்கில் அடைத்துத் தைத்துத் தருவார்கள். வெயிலில் போட்டால் மறுபடி உப்பி எழும். அமுங்கிவிட்டால் பஞ்சை அடித்து மீண்டும் தைக்கலாம். சுருட்டிக் கட்டி எடுத்துப் போகவும் வசதி. தென்னைநார் மெத்தை கெட்டியாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதைச் சுருட்ட முடியாது.

கட்டிலுக்குப் பழைய இரும்புக் கட்டில் போதும். வாங்கிய அன்றே மாடிக்குக் கொண்டுபோய் இணைப்புகளிலும் துளைகளிலும் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தபிறகு உள்ளே எடுங்கள். விருந்தாளி வந்தால் மடக்குக் கட்டிலோ கோரைப்பாயோ போதும். பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கிவிட்டால் பகலில் கூடத்து விரிப்பு, இரவில் விருந்தாளியின் படுக்கை. சென்னிமலைப் போர்வைகளும் கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைத் தள்ளுபடியும் இந்தப் பட்டியலுக்குப் பொருத்தமானவை. ஆடித் தள்ளுபடி நெருங்கிவிட்டால் படுக்கை விரிப்பையும் துண்டையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டாவது அவசியம் நல்ல நாற்காலி. அலுவலகங்கள் இடம் மாறும்போது நல்ல சுழல் நாற்காலிகள் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. உயரம் ஏறி இறங்குகிறதா, உட்கார்ந்தால் மெல்ல அமுங்கிப்போகிறதா, சக்கரம் ஐந்தும் உருளுகின்றனவா என்று உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

அடுக்களை

இருவர் வாழும் வீட்டுக்கு மூன்று லிட்டர் குக்கர், வாணலி, தோசைக்கல், பால் பாத்திரம், இரண்டு மூடியுள்ள பாத்திரங்கள், நான்கு தட்டு, ஆறு டம்ளர், இரண்டு கரண்டி, கத்தி, வடிகட்டி இருந்தால் தினப்படி சமையல் நடக்கும். குக்கரை மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதிதாக வாங்குங்கள். மற்ற எவர்சில்வர் பாத்திரங்களை எடைக்கு விற்கும் கடைகளில் வாங்கலாம். ஊருக்குத் திரும்பும்போது அதே எவர்சில்வரைப் பழைய பாத்திரக்காரர் எடைக்கே எடுத்துக்கொள்வார். நான்ஸ்டிக் பாத்திரத்துக்கு அந்த மறுவிலை இல்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்வதாக இருந்தால், பாத்திரம் வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டினால் அந்தப் பாத்திரம் வேலை செய்யும். அலுமினியத்திலும் சாதாரண எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது.

எரிவாயு வேண்டுமென்றால் முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கென்றே 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தேன் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. அடையாளச் சான்றைக் காட்டி ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரோடு ஒப்பிட்டால் கிலோ விலை கூடுதல்தான். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை சமைக்கும் சிறு குடும்பத்துக்கு, சில மாதங்களுக்கு, இணைப்பை மாற்றும் அலைச்சலைவிட இது எளிது. காலிச் சிலிண்டரைத் திருப்பித் தரும் முறையை வாங்கும்போதே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைத்தெருவில் ரகசியமாக நிரப்பித் தரும் சிறு சிலிண்டர்களின் பக்கமே போகாதீர்கள்.

பழையது எங்கே, எப்படி?

வெள்ளிக்கிழமை தோறும் கூடும் பல்லாவரம் சந்தை பழைய நாற்காலி, மேசை, சிறு மின்சாதனம், கருவிகள், செடி என்று எல்லாம் கிடைக்கும் இடம். காலையிலேயே போனால் நல்ல பொருள் கண்ணில் படும், வெயிலும் ஏறியிருக்காது. திரைச்சீலைத் துணிக்கு எழும்பூர் பாந்தியன் சாலைத் துணிக்கடைகளைப் பாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய பருத்தித் துணிகள் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். பிளாஸ்டிக், பாத்திரம், சில்லறைச் சாமான்களுக்குப் பாரிமுனைச் சுற்றுத் தெருக்கள் போதும்.

எல்லாவற்றையும்விட மலிவான சந்தை காலி செய்பவர்களின் வீடு. ஆடியிலும் மார்கழியிலும் புது வீடு புகுவதைப் பலரும் தவிர்ப்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டியும் அப்படித்தான். போகிக்கு முந்தைய வாரத்தில் பரணிலிருந்து இறங்கும் சாமான்கள் பல சும்மாவே கிடைக்கும். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். யார் எப்போது காலி செய்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை:

• மரச்சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். ஊசித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளுத்த மரம். மண்கோடு ஓடியிருந்தால் கரையான். இரண்டையும் விட்டுவிடுங்கள்.
• பீரோவின் அடித்தகட்டில் துரு இருக்கிறதா, பூட்டு விழுகிறதா, சாவி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.
• ஃப்ரிட்ஜின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் எளிதாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வண்டியில் நிற்கவைத்தே கொண்டுவாருங்கள். இறக்கியதும் சில மணி நேரம் விட்டுப் பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.
• மின்சாதனம் எதுவானாலும் வயரில் வெட்டு, கருகல் இருந்தால் வேண்டாம். வாட்டர் ஹீட்டர் ராடைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்.

பேரம் பேசும்போது பொருளின் விலையையும் இறக்கும் கூலியையும் தனித்தனியே பேசுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா என்று முன்பே சொல்லிவிட்டால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய நேராது. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் மூன்றையும் ஒரே நாளில் எடுக்கும்படி ஏற்பாடு செய்தால் ஒரு ‘குட்டி யானை’ (சிறு சரக்கு வண்டி) வாடகையில் முடியும்.

எதை வாடகைக்கு எடுக்கலாம்?

விலை அதிகம், தூக்குவது கடினம், பழுதானால் தலைவலி என்ற மூன்றும் சேர்ந்த பொருள்களை வாடகைக்கு எடுப்பது சரி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி இந்த வகை. ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ போன்ற நிறுவனங்கள் மாத வாடகைக்குத் தருகின்றன. உள்ளூரில் ஏசி, ஃப்ரிட்ஜ் வாடகைக்கு விடும் கடைகளும் உண்டு. விளம்பரத்தில் தெரியும் மாத வாடகை பெரும்பாலும் நீண்ட காலத் திட்டத்துக்கானது. உங்கள் மாதங்களுக்கு எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, வரி சேர்ந்ததா, முன்கூட்டியே திருப்பினால் என்ன பிடித்தம், கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மாதத்துக்குக் கீழே தங்குபவர்களுக்கு வாடகை பெரும்பாலும் லாபம். பதினொரு மாதம் என்றால் மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீண்ட நாளில் மிச்சம் தரும் பொருள் குறுகிய நாளில் தராது என்பதற்கு ஃபேன் நல்ல உதாரணம். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 330 நாளில் மிச்சம் ஏறத்தாழ 178 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்துச் சொச்சம். விலை வித்தியாசம் அதைவிட அதிகமென்றால், கழற்றி எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சுவரைத் தொடாமல் வீட்டை அழகாக்குவது

காலி செய்யும்போது முன்பணத்தில் பெயின்ட் செலவு என்று ஒரு தொகையைக் கழிப்பது சென்னையில் பரவலான வழக்கம். ஆணி அடித்த துளைகள் அந்தத் தொகையைக் கூட்டும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் குளியலறையையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஆணிகளையும் கொக்கிகளையும் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போட வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். திரைச்சீலைக்கு ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கிப் பொருத்தும் ஸ்பிரிங் கம்பி போதும்.

திரைச்சீலை, மஞ்சள் ஒளி தரும் ஒரு மேசை விளக்கு, ஜன்னலோரம் இரண்டு தொட்டிச் செடி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரிய செலவில்லாமலே வெறும் அறை வீடாகிவிடும். மாலையில் வேலை முடிந்து திரும்புகிறவருக்கு ‘நம் வீடு’ என்ற எண்ணம் வர வேண்டும். வாடகை வீட்டிலும் அதற்கு உரிமை உண்டு.

காலி செய்யும் மாதம்

கடைசி வாரத்தில் விற்க முனைந்தால் வாங்குபவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டிவரும். ஐந்து வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாய்ப்பு அடுத்து வரும் குடித்தனக்காரர். வீடு பார்க்க வருகிறவர்களிடம் சாமான் பட்டியலையும் விலையையும் காட்டுங்கள். கட்டிலும் பீரோவும் நின்ற இடத்திலேயே கைமாறினால் இருவருக்குமே வண்டிக்கூலி மிச்சம். அடுத்தது அடுக்ககத்துக் குழு. அதற்குப் பிறகு ஓஎல்எக்ஸ் போன்ற தளங்கள், பழைய சாமான் கடை. எதற்கும் ஆகாததை மட்டும் காயலான் கடைக்கு விடுங்கள். இரும்புக்கு அங்கேயும் எடை விலை உண்டு.

ஃப்ரிட்ஜையும் அடுப்பையும் கடைசி வாரம்வரை வைத்துக்கொள்ள, பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைப் பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளலாம். கொடுத்துவிட நினைக்கும் பொருள்களை வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடமோ வாட்ச்மேனிடமோ ‘உங்களுக்குப் பயன்படுமா?’ என்று கேட்டுக் கொடுங்கள். உடைந்ததையும் கிழிந்ததையும் அவர்கள் தலையில் கட்டுவது தானமாகாது.

முடிவாக இதைச் செய்யுங்கள். இன்று இரவே ஒரு தாளை எடுத்து, வேண்டிய பொருள்களை ‘புதியது’, ‘பழையது’, ‘வாடகை’, ‘வேண்டாம்’ என்று நான்கு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். மெத்தை, குக்கர், தலையணை, வாட்டர் ஹீட்டர் ராட் ஆகியவை ‘புதியது’ பத்தியில் இருக்கட்டும். கட்டில், பீரோ, மேசை, நாற்காலி, பாத்திரம் ‘பழையது’ பத்தியில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் மாதக் கணக்கு சொல்லும் பக்கம் போகட்டும். சோபாவையும் டைனிங் டேபிளையும் ‘வேண்டாம்’ பத்தியில் எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அந்தத் தாளோடு போகிறவர் கடையில் ஏமாறுவது அரிது.